டூ, டிட், டன்: கடைசி ‘ட்’ எங்கிருந்து வந்தது?

பிப்ரவரி 2

“லவ் லவ்டு ஆகிறது, ப்ளே ப்ளேடு ஆகிறது. அதேபோல டூ என்ற வினையோடு ஈ-டி விகுதி சேர்ந்து, வாயில் தேய்ந்து தேய்ந்து டிட் ஆகிவிட்டது. இதைப் போய் ஒழுங்கற்ற வினை என்று ஏன் சொல்லிக்கொடுக்கிறார்கள்?” இப்படி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பார்க்கச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் திசை தலைகீழ். டிட் என்பதில் இரண்டு ‘ட்’ இருக்கின்றன அல்லவா, அதில் கடைசியில் இருப்பது இறந்தகால விகுதியே இல்லை, அதுதான் வேரின் முதல் எழுத்து. முன்னால் நிற்பது அந்த எழுத்தின் இரட்டிப்பு. வேரின் முதல் மெய்யை எடுத்து, ஓர் எகரத்தோடோ இகரத்தோடோ சேர்த்து முன்னால் ஒட்டுவது பழைய இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் வழக்கம். சமஸ்கிருதத்தில் தா (வை என்று பொருள், வடமொழி த-வரிசையில் நான்காவது த) என்ற வேர் ததாதி ஆவதும், கிரேக்கத்தில் அதே வேர் டிதேமி ஆவதும் இதே முறைதான். டிட்-இன் மூல ஜெர்மானிய (ஆங்கிலம், ஜெர்மன் முதலியவற்றுக்குப் பொதுவான தாய்மொழி) வடிவத்தை *தெதே என்று மீட்டெடுக்கிறார்கள். தெ இரட்டிப்பு, தே வேர். பிறகு கடைசி உயிர் தேய்ந்து போய்விட்டது, வேருக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு மெய்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். டிட் என்பது ஈ-டி-யிலிருந்து வந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, லவ்டு, ப்ளேடு என்பவற்றின் வாலில் ஒட்டியிருப்பது டிட்-ஆ என்று கேட்டுப் பாருங்கள். இது இருநூறு வருஷமாக நடக்கும் வழக்கு. எனக்கு இதில் ஒரு பக்கம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரி 2, இரவு

எழுத்து முறை பற்றி ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் அடுத்தடுத்த குறிப்புகளில் குழப்பம்தான். இன்றைய ஆங்கிலச் சொற்களை நாம் வழக்கமாக எழுதுகிற மாதிரியே எழுதுகிறேன். பழைய வடிவங்களில் மட்டும் ‘த’ என்றால் அதிராமல் சொல்லும் முதல் த இல்லை, ‘பந்தம்’ என்பதில் வரும் மெல்லிய த. ‘ட’ என்றால் ஆங்கிலேயர் ‘டீ’ குடிக்கும்போது சொல்கிற வல்லொலி. ‘ஃத’ என்றால் ‘திங்க்’ என்பதன் முதல் ஒலி. முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கல்லிலும் கிடைக்கவில்லை, ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்று பொருள்.

நமக்கு ஒரு வசதி. எ-ஏ, ஒ-ஓ என்று குறில் நெடில் பிரிக்கும் எழுத்து நம்மிடம் இருக்கிறது. இந்த வினையின் கதை முழுக்க ஏ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

பிப்ரவரி 4

“வை” எப்படி “செய்” ஆனது என்று கேட்கிறார்கள்.

மியூனிக் வந்த புதிதில் நான் குடியிருந்த வீட்டின் பாட்டி, சமையலறையில் நின்றுகொண்டு “டூ தாஸ் இன் டென் கூல்ஷ்ராங்க்” என்பார். எனக்கு டூன் என்றால் செய் என்று மட்டும்தான் தெரியும். குளிர்பெட்டிக்குள் இதைச் செய் என்றால் என்ன செய்வது? பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அவர் சொன்னது இதைக் குளிர்பெட்டியில் வை. சூப்பில் உப்புப் போடுவதற்கும் அதே டூன். அகராதியில் முதலில் வருவது ‘செய்’ என்றாலும், வீட்டுப் பேச்சில் இந்த வினை இன்னும் பழைய பொருளில் வாழ்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு மூலையில் இருக்கிறது: டான் என்றால் உடுத்து, டாஃப் என்றால் கழற்று. டூ ஆன், டூ ஆஃப் என்பதன் சுருக்கம்தான் இரண்டும். மேலே வை, அப்பால் வை, அவ்வளவுதான்.

மற்ற கிளைகளில் ‘வை’ இன்னும் தெளிவு. லித்துவேனியனில் தேதி என்றால் வைத்தல், தெதா என்றால் வைக்கிறான். அந்த தெதா-வைப் பாருங்கள், இரட்டிப்போடு அப்படியே உயிரோடு இருக்கிறது, அதுவும் நிகழ்காலத்தில். ஒன்பதாம் நூற்றாண்டுப் பழைய சாக்சனில் (வட ஜெர்மனியின் பழைய மொழி) தெதா என்றால் செய்தேன், செய்தான். லத்தீனில் இதே வேர் ஃபாகியோ, ஃபேகி என்று ஆகி ‘செய்’ பக்கம் போய்விட்டது. முதல் ஒலி இவ்வளவு தூரம் வேறுபட்டாலும் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தும்: சமஸ்கிருதத்தில் நான்காவது த, கிரேக்கத்தில் மூச்சுவிட்டுச் சொல்லும் த, லத்தீனில் ஃப, ஜெர்மானியத்தில் மூன்றாவது த, அங்கிருந்து உயர் ஜெர்மனில் (இன்றைய ஜெர்மன் பிறந்த கிளை) ட. ஆங்கிலத்தில் டூ, ஜெர்மனில் டூன். தமிழ் எழுத்தில் இரண்டும் ட-வாகத் தெரிவது நம் எழுத்தின் தன்மை, ஆங்கிலத்தில் மெல்லொலி, ஜெர்மனில் வல்லொலி.

நமக்கும் இந்த வேரோடு உறவு உண்டு, வடமொழிக் கடன்சொற்கள் வழியாக. நிதி, விதி, சந்தி, சமாதி, சிரத்தை, தாது. எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது அதே தா. கீழே வைத்தது நிதி. சேர்த்து வைத்தது சந்தி. இலக்கண வகுப்பில் சந்திப்பிழை என்று அடிக்கோடு போடும் ஆசிரியர், தெரியாமலே இங்கிலீஷ் டூ-வின் ஒன்றுவிட்ட சகோதரனைத் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 5

திரிபுகளை வரிசையாகக் கேட்டவருக்கு. நிகழ்காலம்: *தோமி (செய்கிறேன்), *தோஸி (செய்கிறாய்), *தோஃதி (செய்கிறான்). இறந்தகாலம் ஒருமை: *தெதோன், *தெதேஸ், *தெதே. தன்மையின் கடைசி ன் மூக்கொலி மட்டும், முழு மெய் இல்லை. பன்மை: *தேதும், *தேதுஃத், *தேதுன். எச்சம் (டன் மாதிரி, ‘செய்யப்பட்ட’): *தேனஸ். பெயர்ச்சொல்: *தேதிஸ், அதுதான் ஆங்கில டீட், ஜெர்மன் டாட் (செயல்). வினையின் பெயர் வடிவம்: *தோனன்.

*தோமி-யில் வரும் ‘மி’ அபூர்வமானது. பெரும்பாலான ஜெர்மானிய வினைகளில் தன்மை ஒருமைக்கு இந்த மகரம் கிடையாது. பழைய உயர் ஜெர்மனில் டுவோம் (செய்கிறேன்), பிம் (இருக்கிறேன்), காம் (போகிறேன்), ஸ்டாம் (நிற்கிறேன்) என்ற சின்னக் கூட்டத்தில் அது தெளிவாக நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம்’ என்பதன் ம் அதன் மிச்சம். ததாமி, டிதேமி என்று சமஸ்கிருதமும் கிரேக்கமும் சொல்லும் மி-யும் அதுவே.

பிப்ரவரி 6

மேலே போட்ட வரிசையில் ஒரு முரண் இருக்கிறது, யாராவது பிடிப்பீர்கள் என்று பார்த்தேன், ஒருவர் பிடித்துவிட்டார். *தோமி-யில் ஓ, *தேதிஸ்-இல் ஏ. ஒரே வேர்தானே, ஏன் இரண்டு உயிர்?

வேரின் அடிப்படை உயிர் எ. அதற்குப் பின்னால் ஒரு தொண்டை ஒலி இருந்து மறைந்தது. இளைஞராக இருந்த சுவிஸ் மொழியியலாளர் சொசூர் 1879-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மறைந்த ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே காட்டினார். மறையும்போது முன்னால் இருந்த எ-வை அது ஏ ஆக நீட்டிவிட்டது. ஆகவே ஏ-தான் எதிர்பார்க்க வேண்டியது. டீட்-இல் அது ஒழுங்காக இருக்கிறது. எகரம் ஒகரமாக மாறுகிற ஒரு பழைய முறையும் உண்டு, அதில் ஒ நீண்டு ஓ ஆகும். ஆங்கில டூம் (முதலில் தீர்ப்பு, ‘வைக்கப்பட்ட சட்டம்’), கிங்டம் என்பதன் டம், இவை அந்த ஓகாரக் கிளை. பெயர்ச்சொல்லில் ஓ வருவது யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

நிகழ்கால வினையில் ஓ ஏன் வந்தது என்பதில்தான் சண்டை. ஒரு கட்சி, தன்மை ஒருமையில் ஏ-யும் விகுதியின் ஓ-வும் அடுத்தடுத்து வந்து கலந்து ஓ ஆகி, பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது என்கிறது. இன்னொரு கட்சி, ஆதியிலேயே ஒகரம் கொண்ட நிகழ்காலம் சில வினைகளுக்கு இருந்தது, இது அதில் ஒன்று என்கிறது. நான் முதல் கட்சி. டுவோம் என்பதன் மகரத்தைப் பிறகு சேர்ந்தது என்று சொல்லவேண்டி வரும், அது தெரிந்தேதான் சொல்கிறேன். ‘பிம்’ பக்கத்திலேயே இருந்திருக்கிறது, மகரத்தை ஒட்டவைக்க அது போதும்.

பிப்ரவரி 9

நிலாவைப் பற்றி எழுதுகிறேன், இந்தத் தலைப்புக்கு வெளியே போகவில்லை.

“ஆங்கிலத்தில் டூ, டன் இரண்டிலும் பழைய ஓ-தானே இருக்கிறது, பழைய ஆங்கிலத்தில் தோன், யெதோன். அப்படியானால் எச்சத்தையும் *தோனஸ் என்றே போடலாமே, எதற்கு *தேனஸ்?” இது நல்ல கேள்வி. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அவர் சொல்வதுதான் இயல்பு.

பழைய உயர் ஜெர்மனைப் பக்கத்தில் வையுங்கள். அங்கே டுவோன், ஆனால் எச்சம் கி-டான். இன்றும் டூன், கெடான். அந்த மொழியில் பழைய ஓ எல்லாம் உவோ ஆகும், பழைய ஏ எல்லாம் ஆ ஆகும். அதனால் எச்சத்தில் இருந்தது ஏ-தான். அப்படியானால் ஆங்கிலத்தில் ஓ எங்கிருந்து? நிலாவைக் கேட்க வேண்டும். கோத்திக்கில் (அழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழி) நிலா மேனா, பழைய உயர் ஜெர்மனில் மானோ, பழைய ஆங்கிலத்தில் மோனா. ஒரே சொல், ஏ-ஆ-ஓ. மூக்கொலிக்கு முன்னால் வருகிற பழைய ஏ, ஆங்கிலத்தில் ஓ ஆகிவிடும் என்பது விதி. *தேனஸ்-இல் ஏ-வுக்குப் பின்னால் இருப்பது ன. மானோவுக்கு மோனா எப்படியோ, டான்-க்கு தோன் அப்படி. மூக்கொலி இல்லாத இடத்தில் பாருங்கள், ஜெர்மன் டாட், ஆங்கிலம் டீட். ஜெர்மன் சாட் (விதைப்பு), ஆங்கிலம் சீட். ஜெர்மன் ஷ்லாஃபன், ஆங்கிலம் ஸ்லீப். ஒழுங்கோ ஒழுங்கு.

ஆக ஆங்கிலத்தின் டூ-வில் உள்ள ஓ பழைய ஓ, டன்-இல் உள்ள ஓ பழைய ஏ. ஒரே வினைக்குள் இரண்டும் வேறு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இந்த வினையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு மொழியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கேட்டாலும் கிடைக்காது.

பிப்ரவரி 10

சரி, வழக்குக்கு வருவோம். லவ்டு-இன் வாலில் டிட் இருக்கிறதா?

இருக்கிறது என்ற கட்சியின் முதல் சாட்சி கோத்திக். நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த விவிலிய மொழிபெயர்ப்பு, ஆறாம் நூற்றாண்டில் ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய பிரதியாக ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. அந்த மொழியில் நஸ்யன் என்றால் காப்பாற்று. காப்பாற்றினேன், நஸிதா. காப்பாற்றினாய், நஸிதேஸ். காப்பாற்றினான், நஸிதா. பன்மைக்கு வந்தால் நஸிதேதும், நஸிதேதுஃத், நஸிதேதுன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நஸி-தேதும். காப்பாற்றல்-செய்தோம். பிப்ரவரி 5-இல் போட்ட *தேதும், *தேதுஃத், *தேதுன் அப்படியே வாலில் தொங்குகிறது.

1816-இல் பிரான்ஸ் பொப் என்ற ஜெர்மன் அறிஞர் சமஸ்கிருத, கிரேக்க, லத்தீன், பாரசீக, ஜெர்மானிய வினைத் திரிபுகளை ஒப்பிட்டு நூல் வெளியிட்டபோதே இந்த யோசனை அதில் இருக்கிறது. ஒப்பியல் மொழியியலே அப்போதுதான் பிறக்கிறது.

ஏன் இப்படி ஒட்டவேண்டி வந்தது? ஸிங்-ஸாங், கிவ்-கேவ் மாதிரி உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டும் பழைய வினைகளுக்கு வழி இருந்தது. ஆனால் பெயரிலிருந்தோ வேறு வினையிலிருந்தோ புதிதாக உண்டாக்கிய வினைகளுக்கு அந்த வழி இல்லை. அப்போது செய் என்ற வினையைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். நாம் இரவல் சொல்லை எடுத்தால் “டைப் பண்ணினேன்”, “ஃபார்வர்ட் பண்ணினேன்” என்கிறோம், டைப்பினேன் என்று யாரும் சொல்வதில்லை. தேவை வந்தால் ‘செய்’ தான் முதலில் கைக்கு வரும்.

பிப்ரவரி 11

சாட்சிகளில் ஒரு குறை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். நீளமான -தேதும் கோத்திக்கில் மட்டும்தான். பழைய உயர் ஜெர்மனில் நெரிட்டும், வெறும் -டும். பழைய சாக்சன், பழைய ஆங்கிலம் எல்லாம் குட்டைதான். நார்வேயின் டூனே கல்லில், கி.பி. 400-ஐ ஒட்டிய ரூன் எழுத்தில் (பழைய ஜெர்மானியர் செதுக்கிய எழுத்து), மூன்று மகள்கள் என்ற எழுவாயோடு தாலிதுன் என்று பன்மை வினை வருகிறது. -துன், -தேதுன் இல்லை. எதிர்க்கட்சி இதைத்தான் பிடித்துக்கொள்கிறது: குட்டைதான் பழையது, கோத்திக் அதை நீட்டிவிட்டது என்று.

ஆனால் அடுத்தடுத்து ஒரே மாதிரி வரும் இரண்டு அசைகளில் ஒன்றை நாக்கு விழுங்குவது எல்லா மொழியிலும் நடப்பது. நீட்டியதற்கு ஒரு காரணம் கேட்டால்தான் திணறவேண்டி வருகிறது.

பிப்ரவரி 11, இன்னும் ஒன்று

ரூன் என்றதும் காலஹூஸ் கொம்பைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். டென்மார்க்கின் தெற்கு யூட்லாண்டில் இரண்டு பொன் கொம்புகள் கிடைத்தன, 1639-இல் ஒன்று, 1734-இல் ஒன்று. இரண்டாவதில்தான் வாசகம்: எக் ஹ்லேவகாஸ்டிஸ் ஹொல்டியாஸ் ஹொர்னா டவிதோ. ஏறக்குறைய கி.பி. 400. ஹ்லேவகாஸ்டிஸ் என்ற நான், ஹொல்ட்டின் வழியில் வந்தவன், கொம்பைச் செய்தேன். 1802-இல் கோபன்ஹேகன் அரசக் காட்சிக்கூடத்திலிருந்து ஒரு பொற்கொல்லன் இரண்டையும் திருடி உருக்கிவிட்டான். வாசகம் பிழைத்தது அதற்கு முன்பே வரைந்து வைத்த படங்களால்.

டவிதோ. இங்கே ‘செய்’ என்பதற்கு வேறு வேர், டவ். கோத்திக்கிலும் செய்தலுக்கு டவ்யன்தான். *தோனன் என்ற வினை கோத்திக்கிலும் இல்லை, நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) மொழிகளிலும் இல்லை, மேற்கு ஜெர்மானியத்தில் (ஆங்கிலம், ஜெர்மன், டச்சு இருக்கும் கிளை) மட்டுமே வினையாக வாழ்கிறது. ஆனால் அதன் பெயர்ச்சொல் எல்லா இடத்திலும் இருக்கிறது: கோத்திக்கில் மிஸ்ஸாதேஃத்ஸ், ஜெர்மனில் மிஸ்ஸெடாட், ஆங்கிலத்தில் மிஸ்டீட், எல்லாம் தவறான செயல். நார்ஸில் தாஃத். வினை செத்துப்போன ஊர்களிலும் அதன் பெயர்ச்சொல் மட்டும் குடியிருக்கிறது. என் கட்சி சொல்வது சரியென்றால் வினையும் சாகவில்லை, டவிதோ-வின் கடைசி தோ-வில் அதுதான் நிற்கிறது. அந்தப் பொற்கொம்பு செய்தவன் ‘செய்’ என்று ஒரே சொல்லுக்குள் இரண்டு முறை சொல்லியிருக்கிறான்.

பிப்ரவரி 14

எதிர்க்கட்சியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. இதுவரை யாரும் எழுப்பவில்லை, ஆனால் இதைத் தாண்டாமல் தீர்ப்பு எழுத முடியாது.

குட் (முடிந்தது என்ற பொருளில் வரும் குட்). அதன் எழுத்தில் ஓர் எல் இருக்கிறது, உச்சரிப்பில் இல்லை. அது உட், ஷுட் இரண்டையும் பார்த்துப் பிற்காலத்தில் நுழைந்த எழுத்து, அதை விட்டுவிடுங்கள். பழைய ஆங்கிலத்தில் கூஃதெ. கோத்திக்கில் குன்ஃதா. பழைய உயர் ஜெர்மனில் கொன்தா. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பழைய ஒலி ஃத. பழைய உயர் ஜெர்மனில் மெல்லிய த என்றால் அதற்கு முன் ஃத, வல்லிய ட என்றால் அதற்கு முன் மெல்லிய த. பக்கத்திலேயே ஷுட்-இன் பழைய வடிவம் ஸ்கொல்டா என்று ட-வோடு நிற்கிறது. இந்த மொழியில் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. ஜெர்மானிய ஃத வருவது ஆதி வல்லின த-விலிருந்து மட்டுமே, நான்காவது த-விலிருந்து அல்ல. டிட்-இல் இருப்பதோ நான்காவது த. எனவே குன்ஃதா-வில் டிட் இருக்க முடியாது.

இதோடு நிற்கவில்லை. தாட் (நினைத்தான்), ப்ராட் (கொண்டுவந்தான்), பாட் (வாங்கினான்), ராட் (வர்க் என்பதன் பழைய இறந்தகாலம்) எல்லாவற்றிலும் வல்லொலி ட. கோத்திக்கில் ஃதாஹ்டா, ப்ராஹ்டா, பௌஹ்டா, வௌர்ஹ்டா. க-வோ மெல்லிய க-வோ ஆதி வல்லினத்தைத் தொட்டால்தான் இந்த ஹ்ட கிடைக்கும். விஸ்ஸா (அறிந்தான்) இன்னும் மோசம், பல்லொலியும் பல்லொலியும் மோதி ஸ்ஸ ஆவது மிகப் பழைய காலத்து விதி. டிட் பிற்காலத்தில் வந்து ஒட்டியிருந்தால் அங்கே ஸ்ஸ வர வழியே இல்லை.

இவை எல்லாம் ஓரத்து வினைகள் அல்ல. அறி, முடி, நினை, கொண்டுவா, வாங்கு, வேலை செய். தினமும் வாயில் புரளுகிற வினைகள்.

இதற்கு என் பதில் எச்சத்தில் இருக்கிறது. லவ்டு என்ற இறந்தகால வினையும், லவ்டு என்ற எச்சமும் (‘நேசிக்கப்பட்ட’) ஆங்கிலத்தில் ஒரே உருவம். ஆனால் பிறப்பு வேறு. எச்சத்தின் ‘டு’ ஆதி -த விகுதி, சமஸ்கிருதத்தில் கிருத, சுருத என்று வருவது. சமஸ்கிருதம் என்ற பெயரின் வாலில் இருக்கும் த-வும் அதுவே. அதில் டிட்-க்கு இடமே இல்லை, இதில் இரு கட்சிக்கும் சம்மதம். இப்போது குன்ஃதா-வின் எச்சத்தைப் பாருங்கள்: கோத்திக்கில் குன்ஃத்ஸ், பழைய ஆங்கிலத்தில் கூஃத், ‘அறியப்பட்ட’. இன்றைய ஆங்கிலத்தின் அன்கூத் (முரட்டுத்தனமான, முதலில் ‘அறியப்படாத’) அதன் எதிர்மறை. ஃத அங்கேதான் பிறந்தது. எச்சத்திலும் வினையிலும் மற்ற வினைகள் எல்லாம் ஒரே மெய்யைக் காட்டும்போது, கூஃத் என்ற எச்சம் பக்கத்திலேயே இருக்கும்போது, இறந்தகால வினை அதன் மெய்யை எடுத்துக்கொள்வது எளிது. தாட், பாட் எல்லாவற்றுக்கும் இதே கதை சொல்லலாம்.

பிப்ரவரி 15

“நன்னூல் இறந்தகால இடைநிலைகளாகத் த், ட், ற், இன் என்று சொல்கிறது. செய்தேன், உண்டேன். ஆங்கிலத்திலும் ட், டு. தமிழிலிருந்து போனதுதானே?”

இல்லை. ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவு ஆகாது. ஜெர்மானியத்தில் இந்த விகுதி இல்லாத ஒரு நிலை இருந்தது, அது எப்போது எதனோடு ஒட்டியது என்று படிப்படியாகப் பின்னால் போய்ப் பார்க்க முடிகிறது. பின்னால் போகப் போக அது தமிழை நெருங்குவதில்லை, ஒரு பக்கம் நான்காவது த-வுக்கும் இன்னொரு பக்கம் வல்லின த-வுக்கும் பிரிந்து போகிறது. தமிழின் த், ட், ற் மாறுவது முன்னால் நிற்கும் வேரின் ஒலியைப் பொறுத்து. உண்-டேன், கற்-றேன். அதன் வரலாறு திராவிடக் குடும்பத்துக்குள், கன்னடத்தோடும் தெலுங்கோடும் வைத்துப் பார்க்க வேண்டியது. அந்த வரலாறே போதிய அளவு சுவையானது, அதற்கு ஐரோப்பியச் சான்றிதழ் தேவையில்லை.

பிப்ரவரி 20

என் பக்கத்தைச் சொல்வதாகச் சொன்னேன்.

டிட் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன். கோத்திக்கின் நீண்ட பன்மை அழகான சாட்சி, ஆனால் நான் அதை வைத்துச் சொல்லவில்லை. ஒருமை விகுதிகளை வைத்துச் சொல்கிறேன். நஸிதா, நஸிதேஸ், நஸிதா. முன்னிலையில் வரும் ஏஸ்-ஐ உற்றுப் பாருங்கள். உயிர் மாறும் பழைய வினைகளில் ‘கொடுத்தாய்’ என்பதற்குக் கோத்திக்கில் காஃப்ட், விகுதி வெறும் ட். நஸிதேஸ் அந்த வரிசையில் இருந்து வரவே முடியாது. வேறு எந்த இறந்தகாலத்தில் ஏஸ் என்று முடிகிறது? *தெதேஸ். சமஸ்கிருதத்தில் அததா:, ‘வைத்தாய்’. ததாதி-யின் இறந்தகாலம், அததாத் என்பதன் முன்னிலை. ஜெர்மானியத்தில் அந்த வகை இறந்தகாலம் மற்ற வினைகளில் முற்றிலும் அழிந்துபோனது, இந்த ஒரு வினையில் மட்டும் பிழைத்தது என்பது பலருடைய கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அப்படிப் பிழைத்த ஒன்றின் முடிவுகளே ஆயிரக்கணக்கான வினைகளின் வாலில் இருக்கும்போது, அது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்சத்தின் வல்லின த சில வினைகளில் உள்ளே புகுந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஓடைகள், ஒரு விகுதி.

இன்னொன்று, இது சான்று அல்ல, ஆனால் என்னை இந்தப் பக்கம் தள்ளியது. பவேரியாவில் ‘நான் சொல்வேன்’ (முடிந்தால்) என்பதை “இ டாட் ஸாகன்” என்கிறார்கள். நான் செய்வேன்-சொல்ல. ஸ்வேபிய ஊர்களில் “இ டேட்”. ஜெர்மன் மாலை வகுப்பில், அலுவலகத்தில் காதில் விழுந்ததை அப்படியே “இஷ் டூ ஆர்பைட்டன்” (நான் செய்கிறேன்-வேலை பார்க்க) என்று சொன்னேன், ஆசிரியை சிவப்பு மையால் அடித்து, இது படிக்காதவர் பேச்சு என்றார். வகுப்பு முடிந்து டிராமில் ஏறினால் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அதையே பேசிக்கொண்டு வருகிறார்கள். ஆங்கிலத்தில் 1611 விவிலியத்தில் “அண்ட் ஐ டிட் ஈட்” என்று ஏவாள் சொல்கிறாள், அழுத்தம் எதுவும் இல்லாத சாதாரண ‘சாப்பிட்டேன்’. கேள்விக்கும் மறுப்புக்கும் டூ இல்லாமல் ஆங்கிலம் இன்று நகராது. இந்த வினைக்கு அடுத்த வினையைத் தாங்கிப் பிடிக்கிற குணம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு திரும்பத் திரும்ப வருகிறது. கி.மு. காலத்திலும் ஒரு முறை வந்திருந்தால் என்ன ஆச்சரியம்?

பிப்ரவரி 21

ஜெர்மன் டாட் (செய்தான்) நெட்டுயிரோடு இருக்கிறதே, பழைய உயர் ஜெர்மனின் டெட்டா எங்கே போனது என்று கேட்டவருக்கு: ஒருமை டெட்டா, பன்மை டாட்டுன். பன்மையின் ஆ பிற்காலத்தில் ஒருமைக்கும் வந்துவிட்டது. அந்தப் பன்மையே இன்னொரு வினையைப் பார்த்து எழுந்தது, பாட்டுன் (வேண்டினார்கள்) மாதிரி. டச்சுக்காரர்கள் தேத் என்று வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 1

டிட்-இன் இகரம் பாக்கி. *தெதே-யில் எகரம், பழைய சாக்சனில் தெதா, பழைய உயர் ஜெர்மனில் டெட்டா. ஆங்கிலம் மட்டும் ஏன் இ?

பழைய ஆங்கிலத்தில் அது இகரமே இல்லை. தியுதெ என்று தோராயமாக எழுதலாம், முதல் உயிர் உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்லும் இ. இடைக்கால ஆங்கிலத்தில் அது ஊருக்கு ஒரு மாதிரி பிரிந்தது: தென்மேற்கில் துதெ, நடுநாட்டில் திதெ, கென்ட் பகுதியில் தெதெ. பாவம் என்ற பொருள் தரும் ஸின் என்ற சொல்லும் அதே ஊர்களில் ஸுன், ஸின், ஸென் என்று பிரிகிறது. அதனால் அந்தக் குவிந்த உயிர் எழுத்துப் பிழை இல்லை, உண்மையான ஒலி. அந்த ஒலி பழைய ஆங்கிலத்தில் வழக்கமாகப் பிறப்பது, பின்னால் வரும் இகரத்தின் இழுப்பில் உகரம் முன்னால் நகர்ந்தால். ஆகவே எங்கோ *துத்- என்ற ஒரு வடிவம், பின்னால் ஒரு இகரத்தோடு இருந்திருக்க வேண்டும். பின்னால் இகரம் வருகிற இடம் ‘செய்தால், செய்திருந்தால்’ என்ற விருப்ப-நிபந்தனை வடிவம்தான். அங்கிருந்து சாதாரண இறந்தகாலத்துக்குப் பரவியது என்று ஒரு விளக்கம் உண்டு. உகரம் எப்படி நுழைந்தது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் நிபந்தனை வடிவம் மற்றதை விழுங்கும் என்பதை நான் நம்புகிறேன். பவேரியாவின் டாட் இன்று ‘செய்தான்’ என்ற பொருளில் கிட்டத்தட்ட யார் வாயிலும் வருவதில்லை. அங்கே அது நிபந்தனைக்கு மட்டும்தான்.